புசெயார்: சுழியோடும் ஒரு சொல்லை ஆங்கிலத்தில் கரை சேர்ப்பது எப்படி

"மாமி, புசெயார் எண்டால் டைவ் தானே? பிறகேன் சிவப்புக் கோடு போட்டு வைச்சிருக்கிறியள்?"

அண்ணாவின் மகன் கேட்டது. ஸ்பானிய மொழியை இரண்டு வருடமாகப் படித்துவிட்டு, வீட்டிலிருந்தே ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிற சின்ன வேலைகளை இப்போதுதான் எடுக்கத் தொடங்கியிருக்கிறான். அன்றைக்கு வந்தது ஒரு ஹோட்டல் நீச்சல் தடாகத்தின் விதிப் பலகை, மொத்தம் 12 வரி. அதில் ஒரு வரி "புரோஇபிதோ புசெயார்". புரோஇபிதோ என்றால் தடை. அவன் அதை "நோ டைவிங்" என்று போட்டிருந்தான். அகராதியைத் திறந்தால் அப்படித்தான் இருக்கும், மெஷினிடம் கேட்டாலும் பெரும்பாலும் அதைத்தான் தரும், ஆனாலும் அந்த இடத்தில் அது பிழை. அதுவும் தண்ணீரோரம் நிற்கிற ஒரு மனிதருக்குத் தவறான செய்தியைச் சொல்லுகிற பிழை. அவனுக்கு அன்று இருந்து விளக்கியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற எவருக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் சொல்லை வாயால் சொல்லிப் பழகுங்கள். அழுத்தம் கடைசி "ஆர்" மேல் விழும். நடுவிலுள்ள "சி" (c) எழுத்தை லத்தீன் அமெரிக்காவில் "ச" என்பார்கள், ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்து, ஆங்கிலத்தில் "திங்க்" என்று தொடங்குவோமே, அந்த ஒலியில் சொல்லுவார்கள். காணொளிக்கு வசனம் எழுதுகிற வேலை என்றால் இந்த இரண்டு ஒலியும் காதில் பிடிபட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பெயின்காரர் ஒருவர் பேசும்போது சொல்லையே தவற விட்டுவிடுவீர்கள்.

ஆங்கிலத்துக்கு முன் தமிழில் பாருங்கள்

என் முதல் ஆலோசனை இதுதான், இதைத்தான் ஆகப் பெரிதாக நினைக்கிறேன். ஸ்பானியச் சொல்லைக் கண்டவுடன் ஆங்கிலத்துக்குப் பாயாதீர்கள். இடையில் ஒரு கணம் நின்று, இதை நாங்கள் ஊரில் எப்படிச் சொல்லுவோம் என்று கேளுங்கள். தண்ணீர் விஷயத்தில் தமிழ், அதுவும் எங்களுடைய கரையோரத் தமிழ், ஆங்கிலத்தை விட ஸ்பானியத்துக்கு நெருக்கமாக நிற்கிறது.

கீரிமலைக் கேணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெடியன் கேணிக் கட்டின் மேல் ஏறி நின்று, கையை முன்னே நீட்டித் தலைகீழாகப் பாய்கிறான். இன்னொருவன் படியில் இறங்கி, மூச்சை இழுத்துப் பிடித்து, தலை மறைய உள்ளே போய், இந்தச் சுவரில் காலால் உதைத்து அந்தச் சுவரில் போய் எழும்புகிறான். நடுவில் மேலே ஒன்றும் தெரியாது, நிழல் ஒன்று நகர்வது மட்டும் தெரியும். முதலாமவன் செய்ததைப் பாய்ச்சல் என்போம். இரண்டாமவன் செய்ததைச் சுழியோடல் என்போம். இரண்டையும் ஒருவரும் குழப்பிக்கொள்வதில்லை.

ஸ்பானியமும் அப்படித்தான் பிரிக்கிறது. தலைகீழாகப் பாய்வது "திரார்சே தே கபேசா". தண்ணீருக்குள் தொபுக்கென்று விழுந்து அமிழ்வது "சம்புயீர்சே". முழு உடம்பும் தண்ணீருக்குள் இருக்க நீந்துவது "புசெயார்". ஸ்பானிய அரச அக்கடமியின் அகராதியும் இந்தச் சொல்லுக்கு உடம்பு முழுக்க மூழ்கியபடி நீந்துதல் என்றுதான் பொருள் தருகிறது. அதாவது சுழியோடுதல். ஒரு சொல்லுக்கு ஒரு சொல், அச்சுப் பிசகாமல்.

ஆங்கிலத்தில்தான் சிக்கல். அங்கே "டைவ்" என்ற ஒரே சொல் மேலிருந்து தலைகீழாகப் பாய்வதற்கும் வரும், ஆழத்துக்கு இறங்குவதற்கும் வரும், சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலடியில் உலாவுவதற்கும் வரும். ஆனால் கேணியில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனானே, அவனுக்கு மட்டும் வராது. அவனுக்கு ஆங்கிலத்தில் தனி வினைச்சொல்லே இல்லை, "சுவிம் அண்டர்வோட்டர்" என்று இரண்டு சொல்லாகத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அந்தப் பலகைக்கு வாருங்கள். நீச்சல் தடாகத்தில் "நோ டைவிங்" என்று கண்டால் ஆங்கிலம் வாசிக்கிறவர் எதை விளங்கிக்கொள்வார்? தலைகீழாகப் பாயாதே, தண்ணீர் ஆழமில்லை, கழுத்து முறியும் என்று. ஸ்பானியப் பலகை சொன்னது அதையல்ல, தண்ணீருக்குள் மூச்சடக்கி நீந்தாதே என்று. பாய்வதற்கு அதே பலகையில் "புரோஇபிதோ திரார்சே தே கபேசா" என்று வேறொரு வரி இருந்தது, எங்கள் பெடியன் அதையும் "நோ டைவிங்" என்றே போட்டிருந்தான்! ஒரே பலகையில் ஒரே வரி இரண்டு தடவை. அதைக் கண்டபோதே நின்றிருக்க வேண்டும். வேறு வேறான இரண்டு மூல வரிகள் மொழிபெயர்ப்பில் ஒன்றாகிவிட்டால் எங்கோ ஒன்று தொலைந்துவிட்டது என்று அர்த்தம். சரியான ஆங்கிலம்: பாய்வதற்கு "நோ டைவிங்", சுழியோடுவதற்கு "நோ அண்டர்வோட்டர் சுவிமிங்". மூச்சடக்கி நீந்துகிறவர்கள் தண்ணீருக்குள்ளேயே நினைவிழந்துபோவது உண்மையில் நடக்கிற ஆபத்து, அதனால் அந்த இரண்டாவது விதியைத் தொலைக்கக் கூடாது.

யார், எங்கே, எதை மாட்டிக்கொண்டு

அடுத்து, வரியைச் சுற்றிப் பாருங்கள். "சாபேஸ் புசெயார்?" என்று ஒருவர் கேட்கிறார். தடாகத்தருகே ஒரு தாய் பிள்ளையிடம் கேட்டால், உனக்குச் சுழியோடத் தெரியுமா என்பதுதான் கேள்வி, ஆங்கிலத்தில் "கேன் யூ சுவிம் அண்டர்வோட்டர்?". அதையே படகில் ஏறுமுன் வழிகாட்டி ஒருவர் கேட்டால், சிலிண்டரோடு இறங்கிப் பழக்கமா என்பது கேள்வி, "டூ யூ டைவ்?" போதும். அந்த இடத்தில் ஒவ்வொரு தரமும் "ஸ்கூபா டைவ்" என்று முழுசாக எழுதத் தேவையில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் வெறும் "டைவ்" என்றே பேசுவார்கள், முதல் தரம் மட்டும் முழுசாகச் சொல்லிவிட்டு மற்ற இடங்களில் சுருக்குங்கள். "யேவோ தியேஸ் ஆஞோஸ் புசெயாந்தோ" என்று ஒருவர் சொன்னால் பத்து வருடமாக டைவிங் செய்கிறார் என்று அர்த்தம். பத்து வருடமாகத் தண்ணீருக்குள் நீந்திக்கொண்டிருக்கிறார் என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு அது மீன்.

கருவி பற்றிய சொல் பக்கத்தில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். "கோன் போதேயா" என்று வந்தால் சிலிண்டரோடு. போதேயா என்பது போத்தல்தான், ஆனால் ஆங்கிலத்தில் "பொட்டில்" என்று போடாதீர்கள், அமெரிக்க வாசகருக்கு "டாங்க்", பிரித்தானிய வாசகருக்கு "சிலிண்டர்". "ஆ புல்மோன்" என்று வந்தால், நேரே பார்த்தால் நுரையீரலால், அதாவது மூச்சை மட்டும் நம்பி இறங்குவது, "ஃப்ரீடைவ்". "கோன் தூபோ" என்றால் வாயில் குழாயை வைத்துக்கொண்டு, "ஸ்நோர்க்கல்". "அலேதாஸ்" காலில் மாட்டுகிற துடுப்பு, ஆங்கிலத்தில் "ஃபின்ஸ்".

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனம். மூலம் எந்தக் காலத்தது என்று பார்க்காமல் "ஸ்கூபா" என்ற சொல்லைப் போடக் கூடாது. பிரெஞ்சுக்காரர்களான கூஸ்தோவும் கஞானும் தண்ணீருக்குள் மூச்சுவிட உதவுகிற தங்களுடைய சிலிண்டர்க் கருவியை உருவாக்கியது 1943இல். அதற்கு முந்திய கதையில், அதுவும் 16ஆம் நூற்றாண்டில் வெனிசுவேலாக் கரைக்கு அப்பால் குபாகுவா தீவில் முத்துக்காக இறக்கப்பட்ட பழங்குடி மக்களைப் பற்றிய ஒரு பத்தியில், ஸ்கூபா என்று எழுதினால் முழுப் பத்தியும் பொய்யாகிவிடும். அவர்கள் மூச்சை அடக்கி இறங்கினார்கள். மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவர்களும் அப்படித்தான், காலுக்குக் கல், இடுப்பில் கூடை, மேலே கயிறு பிடிக்க ஒருவர். அப்படிப்பட்ட இடத்தில் வெறும் "டைவ்" போதும்.

கடந்தான், போனான், வந்தான்

இது ரசமான பகுதி, கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்.

"குரூசோ லா பிசீனா புசெயாந்தோ." சொல்லுக்குச் சொல் பார்த்தால்: கடந்தான், தடாகத்தை, சுழியோடியபடி. புதியவர்கள் இதை "ஹி கிராஸ்ட் த பூல் டைவிங்" என்று எழுதுகிறார்கள். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் ஆங்கிலம் பேசுகிற ஒருவர் ஒருநாளும் அப்படிச் சொல்ல மாட்டார். ஆங்கிலம் எப்படி அசைந்தான் என்பதை வினைச்சொல்லில் வைக்கும், எந்தப் பக்கம் போனான் என்பதை "அக்ராஸ்", "அவுட்", "அப்" போன்ற சின்னச் சொற்களில் வைக்கும். ஸ்பானியம் தலைகீழ்: எந்தப் பக்கம் என்பது வினையில், எப்படி என்பது கூட ஒட்டி வருகிற சொல்லில். லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் உலக மொழிகளை இந்த அடிப்படையில் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஆனால் எங்களுக்கு அதை விளங்கிக்கொள்ளப் புத்தகம் தேவையில்லை, எங்கள் வாயிலேயே அது இருக்கிறது. சுழியோடிக் கடந்தான். நீந்திப் போனான். ஓடி வந்தான். வினையெச்சம் எப்படி என்பதைச் சொல்லும், முற்று எங்கே என்பதைச் சொல்லும், ஸ்பானியம் மாதிரியே.

வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார், போய்த் திரும்பியும் வந்தார். இதை ஸ்பானியத்தில் சொன்னால் "குரூசோ ஆ நாதோ", நீந்திக் கடந்தார் என்பதேதான். ஆங்கிலத்தில் மட்டும்தான் "சுவாம் அக்ராஸ்" என்று புரட்டிப் போட வேண்டும். நீந்தல் வினைக்கு ஏறுகிறது, கடத்தல் சின்னச் சொல்லாகிவிடுகிறது.

அதே புரட்டலை எங்கள் வாக்கியத்துக்குச் செய்யுங்கள்: "ஹி சுவாம் அக்ராஸ் த பூல் அண்டர்வோட்டர்". மூன்று துண்டு. அசைவு, திசை, நீரடி. ஸ்பானிய வினைச்சொல் ஒன்றுக்குள் இருந்த இரண்டு விஷயத்தை, அதாவது நீந்துவதையும் தண்ணீருக்குள் என்பதையும், ஆங்கிலத்தில் உடைத்து, ஒன்றை வாக்கியத்தின் முன்னுக்கும் மற்றதைக் கடைசிக்கும் அனுப்புகிறோம். இந்த அமைப்பு கைக்குப் பழகிவிட்டால், பாறைக்கு அடியால் சுழியோடி வெளியே வந்தாள், படகு வரைக்கும் சுழியோடிப் போனார்கள் என்று எது வந்தாலும் தடுமாற மாட்டீர்கள். ஒரு பேப்பரில் தமிழில் பத்து வாக்கியம் எழுதி, ஒவ்வொன்றையும் இப்படிப் புரட்டிப் பாருங்கள், ஒரு பின்னேரம் போதும்.

ஒரே ஒரு எழுத்து

"புசெயோ வெயின்திசிங்கோ மேத்ரோஸ்." இதற்குச் சுழியோடி 25 மீற்றர் போனான் என்று அர்த்தம், கிடையாக, தடாகத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு. இனி இதைப் பாருங்கள்: "புசெயோ ஆ வெயின்திசிங்கோ மேத்ரோஸ்." நடுவில் "ஆ" என்ற ஓரெழுத்துச் சொல் புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது அர்த்தம் 25 மீற்றர் ஆழத்தில் டைவ் செய்தான் என்று மாறிவிட்டது. ஒன்று பாடசாலைப் பிள்ளையும் பழகினால் செய்யக்கூடியது, மற்றது பயிற்சியும் கருவியும் வேண்டியது.

ஆங்கிலத்தில் முதலாவதை "டைவ்ட் 25 மீற்றர்ஸ்" என்று எழுதிவிட்டால், வாசிக்கிறவர் ஆழம் என்றே எடுத்துக்கொள்வார். "சுவாம் 25 மீற்றர்ஸ் அண்டர்வோட்டர்" என்றுதான் எழுத வேண்டும். இரண்டாவதற்கு "டைவ்ட் அட் எ டெப்த் ஒஃப் 25 மீற்றர்ஸ்". எண் வருகிற ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசியுங்கள், நான் இன்றைக்கும் விரலை வைத்துத்தான் வாசிக்கிறேன்.

எழுத்து என்றபடியால் இன்னொன்று. "புசெயோ" என்பதன் கடைசி எழுத்தின் மேல் சின்னக் கோடு இருந்தால் அவன் சுழியோடினான், கோடு இல்லாவிட்டால் நான் சுழியோடுகிறேன், அல்லது சுழியோடல் என்ற பெயர்ச்சொல். அவசரமாகத் தட்டச்சு செய்கிறவர்கள் கோட்டை விட்டுவிடுவார்கள். முன்னும் பின்னும் உள்ள வினைகள் எந்தக் காலத்தில் இருக்கின்றன என்று பார்த்து முடிவெடுங்கள்.

எதைத் தேடி இறங்குகிறார்கள்

கரீபியன் கரையோர எழுத்துகளில் "புசெயார் லங்கோஸ்தா" என்று வரும். லங்கோஸ்தா சிங்க இறால். இடையில் எந்த உருபும் இல்லை, நேரே செயப்படுபொருள். ஆங்கிலத்தில் அப்படி வைக்க முடியாது, "டைவ் ஃபோர் லொப்ஸ்டர்" என்று "ஃபோர்" போட்டே ஆக வேண்டும். எங்களுக்கு இது புதிசே இல்லை, சங்கு குளித்தல், முத்துக் குளித்தல் என்று அப்படியே வைத்துத்தானே சொல்லுகிறோம்.

இந்தச் சொற்றொடர் வருகிற எழுத்துகளைக் கொஞ்சம் மரியாதையோடு கையாளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹொண்டூராஸின் மொஸ்கீத்தியாக் கரையில் மிஸ்கீத்தோ மக்கள் சிங்க இறாலுக்காக, போதிய பயிற்சியும் பாதுகாப்பும் இல்லாமல், ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஆழத்துக்கு இறக்கப்பட்டார்கள். அழுத்தம் குறையும்போது உடம்புக்குள் வாயுக் குமிழ்கள் உண்டாகிப் பலர் நடக்க முடியாமல் போனார்கள், பலர் இறந்தார்கள். 2021இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் அந்த வழக்கில் தீர்ப்பு வழங்கியது. வழக்கின் பெயரிலேயே "பூசோஸ்" என்ற சொல் இருக்கிறது, ஆங்கிலத்தில் "டைவர்ஸ்". அங்கே "ஸ்கூபா டைவர்ஸ்" என்று எழுதினால் கருவியளவில் பொய்யில்லை, ஆனால் வாசிக்கிறவரின் மனதில் உல்லாசப் பயணி ஒருவர் தோன்றிவிடுவார். தொழிலுக்காக இறங்குகிறவரை வெறும் "டைவர்" என்று எழுதுங்கள். எங்கள் பக்கத்திலும் கடலட்டைக்கும் சங்குக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிற குடும்பங்கள் இருக்கின்றன, அந்த வேலைக்கும் விடுமுறைக்கு வந்து மீன் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குத் தெரிந்ததுதான்.

சொந்தக்காரச் சொற்கள்

"பூசோ" தொழிலாகச் செய்கிற சுழியோடி, எங்கள் செய்தித்தாள்களில் கடற்படைச் சுழியோடிகள் என்று வருகிறதே, அந்தச் சுழியோடி. "புசெயதோர்" பொதுவாகப் பொழுதுபோக்காக டைவிங் செய்கிறவர். பூசோ என்ற சொல் போர்த்துக்கேயத்தில் "பூசியு" என்ற கடல் நத்தையின் பெயரிலிருந்து வந்தது என்று ஸ்பானிய அகராதி சொல்கிறது, அதற்கும் பின்னே லத்தீனில் மாட்டிடையன் ஊதுகிற கொம்பு. கடலடியில் கிடக்கிற சங்குச் சாதி ஒன்றின் பெயர் அதைத் தேடிப் போகிற மனிதனுக்கும் வந்து சேர்ந்திருப்பதைப் படித்த அன்று எனக்குப் பெரிய சந்தோஷம், நாங்களும் சங்கையும் குளிப்பையும் சேர்த்துத்தானே பேசுகிறோம்.

ஆனால் பூசோ ஆர்ஜென்ரினாவில் உடுப்பும் கூட. அங்கே ஒருவர் பூசோவைப் போட்டுக்கொண்டு வெளியே போனார் என்றால் அது குளிருக்குப் போடுகிற தடித்த மேற்சட்டை. சிலியிலும் பெருவிலும் விளையாட்டு உடுப்பு. மூலம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று வேலை தருகிறவரிடம் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

ஒலிம்பிக்கில் பலகையிலிருந்து பாய்கிற விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் "டைவிங்" என்றாலும், புசெயார் குடும்பத்துக்கும் அதற்கும் உறவில்லை. ஸ்பெயினில் "சால்தோஸ்", மெக்சிகோவில் "கிளவாதோஸ்". அகாபுல்கோவில் செங்குத்துப் பாறையிலிருந்து பாய்கிறவர்கள் "கிளவதிஸ்தாஸ்", ஆங்கிலத்தில் "கிளிஃப் டைவர்ஸ்".

சம்புயீர்சேயை நினைவில் வைக்க ஒரு வழி. எங்கள் குளங்களில் முக்குளிப்பான் என்று ஒரு சின்னப் பறவை நிற்கும், ஆள் நடமாட்டம் கண்டால் சட்டென்று தலையைக் குத்தி மறைந்து வேறெங்கோ எழும்பும். அதற்கு ஸ்பானியத்தில் "சம்புயீன்", அதே வேரிலிருந்து வந்த பெயர். அந்தப் பறவை தலையைக் குத்துகிற கணம்தான் சம்புயீர்சே, மறைந்திருந்து நகர்கிற நேரம் புசெயார்.

தண்ணீரே இல்லாத இடத்தில்

"புசெயார் என் லோஸ் அர்சீவோஸ்" என்று ஒரு வரலாற்றுக் கட்டுரையில் வந்தால் யாரும் நனையவில்லை. பழைய ஆவணங்களுக்குள் ஆழ்ந்து தேடுவது. ஆங்கிலத்தில் "டெல்வ் இன்டு" பொருந்தும், பேச்சு நடையில் "டிக் இன்டு". "டைவ் இன்டு" என்று போட்டால் உற்சாகமாகத் தொடங்குவது என்ற பக்கம் சாய்ந்துவிடும், பொறுமையாகத் துளாவுகிற உணர்வு போய்விடும். ஒருவருடைய மனதுக்குள், ஞாபகங்களுக்குள் என்று வந்தாலும் இதே முறைதான். "டெல்வ்" ஒரு பக்கத்தில் ஒரு தரத்துக்கு மேல் வந்தால் சலிக்கும், மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புவதற்கு முன்

"டைவ்" என்பதன் இறந்தகாலம் பிரித்தானிய ஆங்கிலத்தில் "டைவ்ட்". அமெரிக்காவில் "டோவ்" என்றும் எழுதுவார்கள். எது வேண்டும் என்று முதலிலேயே கேட்டு, ஒரே வேலைக்குள் இரண்டையும் கலக்காமல் பாருங்கள். டாங்க், சிலிண்டர் விஷயமும் இதோடு சேர்ந்ததே.

பிறகு உங்கள் ஆங்கிலத்தில் "டைவ்" வருகிற இடத்தையெல்லாம் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பாய்ந்தான் என்று வருகிறதா, சுழியோடினான் என்று வருகிறதா, சிலிண்டர் கட்டி இறங்கினான் என்று வருகிறதா? மூலத்தில் புசெயார் இருக்க, உங்கள் வாயில் பாய்ந்தான் என்று வந்தால் அந்த வரியைத் திருத்துங்கள். எங்கள் பெடியன் அன்று அந்த 12 வரியையும் இப்படிச் சொல்லிப் பார்த்தான், பிழையான வரியை இரண்டாம் தரமே தானாகப் பிடித்துவிட்டான்.